கரிசல் சீமைக்கு வந்த பச்சை ஒளி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கிராமங்களுக்கு மின்கம்பம் வந்து சேராத காலத்தில் கல்யாண ஊர்வலமும் கூத்து மேடையும் கோயில் கொடையும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்தான் நடந்தன. பம்ப் அடித்து மண்ணெண்ணெயை ஆவியாக்க, உஸ்ஸென்ற இரைச்சலோடு எரியும் அந்த விளக்கின் உயிர், உள்ளே தொங்கும் சின்ன வலைப்பையில் இருந்தது. கடையில் ‘மேண்டில்’ என்று கேட்டு வாங்குவார்கள். முதல் தடவை பற்ற வைத்ததும் நூல் எரிந்து போகும். தொட்டால் உதிர்ந்துவிடும் வெள்ளைக் கூடு மட்டும் நிற்கும். தோரியம் ஆக்சைடும் கொஞ்சம் சீரியம் ஆக்சைடும் கலந்த கூடு அது. சுடரின் சூட்டை வெள்ளை வெளிச்சமாக மாற்றியது அதுதான்.

மேண்டிலைக் கண்டுபிடித்தவர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர். 1885இல் அவர் இன்னொரு காரியமும் செய்தார். டிடிமியம் என்று ஒரே தனிமமாகப் பலரும் நம்பிவந்த பொருளைப் பிரித்து, அதற்குள் இரண்டு தனிமங்கள் இருப்பதைக் காட்டினார். ஒன்று பிரசியோடிமியம், மற்றது நியோடிமியம். மேண்டில் சில ஆண்டுகளிலேயே உலகம் முழுக்கப் பரவியது. நியோடிமியமோ பெரிய வேலை எதுவும் கிடைக்காமல் முக்கால் நூற்றாண்டு காத்திருந்தது. இன்று சர்க்கரை நோயால் பார்வை மங்கி மதுரைக்குப் பஸ் ஏறும் கரிசல்காட்டு மனிதரின் விழித்திரையில் விழும் பச்சை ஒளி, பெரும்பாலும் அந்த நியோடிமியத்திலிருந்து பிறப்பது.

இரண்டு வெளிச்சங்களுக்கும் மூலப்பொருள் தரும் மணல் தமிழ்நாட்டின் தென்கோடியிலேயே கிடக்கிறது. திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் ஆராய்ந்தார். மஞ்சளும் பழுப்புமாக மின்னிய மணிகள் மோனசைட் என்று தெரிந்தது. மேண்டில் தொழிலுக்குத் தோரியம் தேடி அலைந்த காலம் அது. மணலின் ஊர் தேடி வந்தவர் மணவாளக்குறிச்சியில் ஆலை தொடங்கினார். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மானியர் என்பதால் கைதானார். தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

மோனசைட்டில் தோரியம் மட்டும் இல்லை. சீரியம், லாந்தனம், நியோடிமியம் என்று அரிய மண் தனிமங்கள் ஒரு குடும்பமாகவே அதில் குடியிருக்கின்றன. சுதந்திரத்துக்குப் பின் 1950இல் இந்திய அரிய மண் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது மணவாளக்குறிச்சி மணலும் சேர்ந்து வந்தது. அரிய மண் தனிமங்களின் உலகச் சந்தை பின்னாளில் சீனாவின் கைக்குப் போய்விட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நியோடிமியத்துக்கு வேலை வந்தது லேசரால். 1960 மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தார். மறு ஆண்டே எலியாஸ் ஸ்னிட்சர் நியோடிமியம் கலந்த கண்ணாடியில் லேசர் செய்து காட்டினார். 1964இல் பெல் ஆய்வகத்தில் ஜூசிக், மார்க்கோஸ், வான் யூட்டர்ட் ஆகிய மூவரும் யிட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற படிகத்தில் நூற்றுக்கு ஓர் அணு அளவில் நியோடிமியத்தைக் கலந்து லேசர் எடுத்தார்கள். ‘யாக்’ என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்தப் படிகம் ஆலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அது வேலை செய்யும் விதத்தைக் கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்குச் சொல்வது எளிது. வெளியிலிருந்து விழும் ஒளியை நியோடிமியம் அணு வாங்கி மேலே ஏறுகிறது. ஏறிய வேகத்தில் கொஞ்சம் கீழே இறங்கி ஒரு படியில் தங்குகிறது. அணுவின் கணக்கில் அது நீண்ட தங்கல். யாக் படிகத்தில் நொடியில் பத்தாயிரத்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் அதிகம். அதற்குள் கோடானுகோடி அணுக்கள் அதே படியில் நிறைந்துவிடுகின்றன, கரை முட்ட நிறைந்த கண்மாயைப் போல. ஒரு மடை திறந்தால் போதும், எல்லாம் ஒரே திசையில் ஒரே சீராகப் பாய்கின்றன. பாய்ந்து வரும் ஒளியின் அலைநீளம் 1,064 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வகுத்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 வரைதான் பார்க்கும். ஆக, நியோடிமியம் தரும் ஒளி அகச்சிவப்பு; கண்ணுக்குத் தெரியாது.

தெரியாத ஒளியைத் தெரிய வைக்கும் வழியை 1961இலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர் திறந்திருந்தார்கள். 694 நானோமீட்டர் சிவப்பு லேசரை ஒரு குவார்ட்ஸ் படிகத்துக்குள் செலுத்தினார்கள். மறுபுறம் அதில் சரிபாதி அலைநீளமுள்ள 347 நானோமீட்டர் ஒளி மிகச் சிறிதளவு வந்தது. இரண்டு ஒளித்துகள்கள் ஒன்றாகி இருமடங்கு ஆற்றலுள்ள ஒரு துகளாக வெளிப்பட்டிருந்தன. புகைப்படத் தகட்டில் அது ஒரு சிறு புள்ளியாகப் பதிந்தது. ஆய்வுக் கட்டுரையை அச்சுக்குத் தயார் செய்த இடத்தில் அந்தப் புள்ளியைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்கள். படத்தில் அம்புக்குறி இருந்தது, அது காட்டிய புள்ளி இல்லை. இருந்தும் அந்தக் கட்டுரையிலிருந்து புதிய அறிவியல் துறையே கிளைத்தது.

ஒளி நிறம் மாறும் விந்தைக்கும் இந்த வறண்ட சீமைக்கும் முன்பே ஓர் உறவு உண்டு. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, பின்னர் கல்கத்தாவில் சி.வி. ராமனோடு சேர்ந்தார். சிதறும் ஒளியில் ஒரு பகுதி நிறம் மாறி வருவதை 1928இல் இருவரும் சேர்ந்து அறிவித்தார்கள். அன்று அவர்கள் தொடங்கியது சூரிய ஒளியை வைத்து. இன்று ராமன் விளைவைக் கொண்டு பொருள்களை ஆராயும் கருவிகள் பலவற்றில் 532 நானோமீட்டர் பச்சை லேசர்தான் விளக்கு.

அந்தப் பச்சையும் எளிதில் கைக்கு வந்துவிடவில்லை. இரண்டு பாதைகளில் முயன்றார்கள். ஒன்று, படிகத்துக்குள் இருக்கும் அணுவையே அகச்சிவப்பைப் படிப்படியாக வாங்கிச் சேமிக்க வைத்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகக் கொட்ட வைப்பது. 1966இல் பிரான்சின் ஃபிரான்சுவா ஒசெல் இந்த ஏற்றத்தை விளக்கினார். 1971இல் பெல் ஆய்வகத்தின் ஜான்சனும் குகன்ஹைமும் பேரியம் யிட்ரியம் ஃபுளோரைடு படிகத்தில் இட்டெர்பியத்தோடு எர்பியம் சேர்த்துச் சிவப்பும், ஹோல்மியம் சேர்த்துப் பச்சையும் லேசராகவே எடுத்தார்கள். ஆனால் படிகத்தைத் திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் வைக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரை அந்தப் பாதை வரவில்லை.

வந்தது ஃபிராங்கன் பாதை. நியோடிமியத்தின் 1,064ஐ இன்னொரு படிகத்தில் செலுத்திப் பாதியாக்கினால் 532, பளீரென்ற பச்சை. அதற்கு உறுதியான படிகம் தேவைப்பட்டது. 1976இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வாளர்கள் பொட்டாசியம் டைட்டானைல் பாஸ்பேட் என்ற படிகத்தின் அருமையை வெளியிட்டார்கள். ‘கேடிபி’ என்பது அதன் சுருக்கப் பெயர். நியோடிமியத்துக்கு ஒளியூட்ட முதலில் பயன்பட்டவை பெரிய ஃபிளாஷ் விளக்குகள். அவற்றின் ஆற்றலில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போனது. அரைக்கடத்தி டயோடு லேசர்கள் மலிவானதும் நிலைமை மாறியது. நியோடிமியம் ஆவலோடு வாங்கும் 808 நானோமீட்டர் அகச்சிவப்பையே டயோடு தரும். வீண் குறைந்தது, கருவி சுருங்கியது. இந்தியாவும் டயோடு லேசரில் பின்தங்கிக் கிடக்கவில்லை. 1964இலேயே டிராம்பேயில் காலியம் ஆர்சனைடு லேசர் செய்தார்கள்; மறு ஆண்டு அதை வைத்து டிராம்பேக்கும் கொலாபாவுக்கும் இடையே ஒளிவழித் தொடர்பு நடத்திக் காட்டினார்கள்.

கடைசியாக ஒரு தடங்கல் இருந்தது. படிகங்கள் இரண்டையும் ஒரே கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தால் பச்சை ஒளி தாறுமாறாகத் துடித்தது. 1986இல் தாமஸ் பேயர் அதன் காரணத்தை விளக்கினார். ‘பச்சைச் சிக்கல்’ என்றே துறையில் பெயர் பெற்ற அந்தத் துடிப்பை அடக்கிய பிறகுதான் டாக்டர்கள் நம்பிக் கையாளும் நிதானமான பச்சை ஒளி கிடைத்தது.

இந்த ஒளியைத் தமிழ்நாட்டின் கல்லூரி மாணவர்கள் பலர் வேறொரு வழியிலும் அறிவார்கள். இயற்பியல் துறைகளில் படிக வளர்ப்பு இங்கே ஒரு தனி மரபாகவே வேரூன்றியிருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையமும் பேராசிரியர் பி. ராமசாமியும் அதற்கு முன்னோடிகள். பெரிய உலையோ விலையுயர்ந்த இயந்திரமோ வேண்டாம். உப்பைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பீக்கரின் வாயைத் துளையிட்ட தாளால் மூடி, தூசி படாத மூலையில் வைத்தால் வாரக்கணக்கில் நீர் மெல்ல ஆவியாகி அடியில் படிகம் உருவெடுக்கும். ஒரே திசையில் நீளமாகப் படிகம் வளர்க்கும் சங்கரநாராயணன்–ராமசாமி முறை 2005இல் வெளியாகி உலக ஆய்விதழ்களில் இடம்பிடித்தது. வளர்ந்த படிகம் ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்குமா என்று பார்க்க, 1968இல் கர்ட்ஸும் பெர்ரியும் வகுத்த சோதனை உண்டு. படிகத்தைப் பொடித்து ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து நியோடிமியம் லேசரின் முன்னால் நிறுத்துவார்கள். விழும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பொடி நல்ல பொடியாக இருந்தால் அதிலிருந்து பச்சை வெளிச்சம் சட்டென்று கிளம்பும். பல கல்லூரிகள் தங்கள் பொடியைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு அனுப்பி இந்தச் சோதனையைச் செய்து வாங்கின. மாதக்கணக்கில் பீக்கரைக் காவல் காத்த மாணவருக்கு அந்தப் பச்சைதான் தேர்வு முடிவு.

கண்ணுக்கு ஒளியால் சூடு வைக்கும் எண்ணம் லேசரைவிட மூத்தது. 1945 ஜூலையில் ஐரோப்பாவில் தெரிந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த மருத்துவ மாணவர் ஒருவரின் விழித்திரையில் தீத்தழும்பு விழுந்தது. அவரைப் பரிசோதித்த ஜெர்மன் கண் டாக்டர் கெர்ஹார்ட் மேயர்–ஷ்விக்கெராத்துக்கு ஒன்று தோன்றியது. தழும்பு விழித்திரையைப் பின்சுவரோடு ஒட்டிவிடுகிறது; அப்படியானால் அளந்து வைத்த தழும்பால் கிழிந்த விழித்திரையை மூடலாமே! சில ஆண்டுகளில் ஹாம்பர்க் ஆஸ்பத்திரியின் மாடியில் கண்ணாடிகளை நிறுத்திச் சூரிய ஒளியைத் திருப்பி நோயாளிகளின் கண்ணுக்குள் செலுத்தினார். மேகம் மறைத்தால் சிகிச்சை நின்றுவிடும். பிறகு கார்பன் வில் விளக்கு, அதன் பிறகு ஸைஸ் நிறுவனத்தின் ஸெனான் விளக்கு என்று கருவி வளர்ந்தது.

லேசர் பிறந்த மறு ஆண்டின் இறுதியிலேயே நியூயார்க்கில் அது மனிதக் கண்ணுக்குள் போய்விட்டது. ஆனால் மாணிக்க லேசரின் சிவப்பை ரத்தம் அவ்வளவாக வாங்காது. சர்க்கரை நோயிலோ விழித்திரையின் ரத்தக் குழாய்கள்தான் சிக்கல். 1968இல் ஃபிரான்சிஸ் லெஸ்பெரன்ஸ் ஆர்கான் வாயு லேசரின் நீலப்பச்சையைக் கொண்டுவந்தார். பச்சை ஒளியை ரத்தச் சிவப்பணுவும் விழித்திரைக்குப் பின்னுள்ள கருநிறமியும் நன்றாக வாங்கிக்கொள்கின்றன. நுண்பார்வை தரும் மையப் பகுதியின் மஞ்சள் நிறமி நீலத்தை வாங்கிச் சுட்டுக்கொள்ளும், பச்சையை ஏறக்குறைய விட்டுவிடும். பச்சை அங்கே கைக்கு அடங்கியது.

லேசர் வைப்பதால் உண்மையில் பார்வை பிழைக்கிறதா? அமெரிக்காவில் 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் சிகிச்சை செய்து, மறு கண்ணை அப்படியே விட்டுக் கவனித்தார்கள். 1976இல் முதற்கட்ட முடிவு வந்தது: கடுமையான பார்வை இழப்பு, சிகிச்சை பெற்ற கண்களில் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல், விட்டுவைத்த கண்களுக்கும் லேசர் வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள்.

அதே 1976இல் மதுரை அண்ணாநகரில் 11 படுக்கைகளோடு ஒரு கண் ஆஸ்பத்திரி திறந்தது. திறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில், இதே கரிசல் மண்ணில், 1918இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தாளும் பென்சிலும் இல்லாத பள்ளியில் ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தவர். கிருஷ்ணனைப் போலவே அமெரிக்கன் கல்லூரியில் படித்து, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டரானார். கடுமையான முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியது. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பிற்காலத்தில் உலகமே வந்து பார்த்துக் கற்கும் நிறுவனமானது. அதில் விழித்திரைப் பிரிவை வளர்த்தவர் டாக்டர் பெ. நம்பெருமாள்சாமி.

கண்புரை அறுவையைக் கிராம முகாம்களிலிருந்து ஆள் திரட்டிப் பெருக்கிவிடலாம். விழித்திரை லேசர் அப்படிப்பட்ட வேலை இல்லை. ஆர்கான் லேசர் மும்முனை மின்சாரம் கேட்கும், குழாயைக் குளிர்விக்க ஓயாமல் தண்ணீர் ஓட வேண்டும். கிலோவாட் கணக்கில் மின்சாரம் குடித்துவிட்டு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஒளியாகத் தராது. குழாய் தேய்ந்தால் மாற்றும் செலவு வேறு. குடிக்கவே குடத்தோடு வரிசையில் நின்ற ஊர்களின் பக்கம் அதை நிறுத்துவது பற்றி யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. டயோடும் நியோடிமியமும் கேடிபியும் சேர்ந்த பச்சை லேசரோ சுவரில் இருக்கும் சாதாரண பிளக்கில் ஓடும், தண்ணீர் வேண்டாம், ஒரு பெட்டியாகத் தூக்கி வைக்கலாம். கண்ணுக்குத் தேவைப்படுவது ஒரு வாட்டுக்கும் கீழே. அதை நிதானமாகத் தரும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992 முதல் மலிவாகச் செய்துவந்த மதுரை அரோலேப் நிறுவனம் பச்சை லேசர் கருவியையும் தயாரிக்கும் நிலைக்கு வந்தது.

சிகிச்சை நடக்கும் அறை இருட்டாக இருக்கும். பாவை விரிய சொட்டு மருந்து ஊற்றி அரை மணி நேரம் உட்கார வைத்திருப்பார்கள். உள்ளே போனதும் தாடையையும் நெற்றியையும் கருவியில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மரத்துப்போகும் சொட்டு விட்டு, கருவிழி மேல் ஒரு கனத்த லென்ஸைப் பொருத்துவார் டாக்டர். “அசையாம நேரா பாருங்கம்மா” என்பார். கால் மிதியை அழுத்தும்போதெல்லாம் பச்சை மின்னல். ஒவ்வொன்றும் நொடியில் பத்தில் ஒரு பங்கு. விழித்திரையில் விழுவது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள வெள்ளைப் புள்ளி. முற்றிய நிலையில் ஒரு கண்ணுக்கு 1,200 முதல் 1,600 புள்ளிகள் வரை, இரண்டு மூன்று தவணைகளாக வைப்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. மையத்தைத் தொடாமல் ஓரங்களைச் சுடுவதால் அந்தப் பகுதியின் ஆக்சிஜன் பசி அடங்குகிறது, கசியும் புதுக் குழாய்கள் முளைப்பது நிற்கிறது. இரவுப் பார்வையும் ஓரப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். படிக்கவும் முகம் அடையாளம் காணவும் வேண்டிய நடுப்பார்வை மிஞ்சும்.

அதே 532 நானோமீட்டர் ஒளி திருவிழாக் கடைகளில் பேனா வடிவில் விளையாட்டுப் பொருளாகவும் விற்கிறது. அதற்குள்ளும் இருப்பவை ஒரு டயோடும் இரண்டு குட்டிப் படிகங்களும்தான். அகச்சிவப்பைத் தடுக்கும் சல்லிக்காசு வடிகட்டியைச் சில தயாரிப்பாளர்கள் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2010இல் சோதித்த மலிவான பேனா ஒன்று, மங்கலான பச்சையோடு 20 மில்லிவாட் அகச்சிவப்பையும் கொட்டியது. தெரியாத ஒளிக்குக் கண் சிமிட்டாது. பிள்ளைகள் கையில் அது இருக்கக் கூடாது.

அருப்புக்கோட்டையில் பார்வை என்பது பிழைப்பு. தேவாங்கரும் சாலியரும் தறியில் வளர்த்த ஊர் அது. அறுந்த இழையைப் பார்த்து முடிய வேண்டும், பாவில் சாயம் மாறும் இடத்தைக் கண்டு சொல்ல வேண்டும். பக்கத்துக் கரிசலில் விடியுமுன் மல்லிகை மொட்டைப் பறிப்பவருக்கும், திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் காட்டில் களை எடுப்பவருக்கும் அப்படித்தான். கம்பும் குதிரைவாலியும் சோளமும் தின்ற சீமையில் இன்று மூன்று வேளையும் அரிசி. ‘சுகர்’ என்ற சொல் எல்லாத் தெருவிலும் புழங்குகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. சங்கர நேத்ராலயாவின் ஆய்வுகளில், சர்க்கரை உள்ளவர்களில் சென்னை நகரில் 18 சதவீதத்தினருக்கும், சென்னையைச் சுற்றிய கிராமங்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கும் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது.

மையப் பகுதி வீங்கினால் இன்று கண்ணுக்குள் ஊசி மருந்தும் போடுகிறார்கள்; லேசரும் ஊசியும் சேர்ந்தும் தேவைப்படலாம். ஆனால் இரண்டாலும் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது. செத்த விழித்திரையை அவை உயிர்ப்பிப்பதில்லை. லேசர் பெரும்பாலும் காப்பது இருக்கிற பார்வையை; போனதை மீட்டுத் தருவது குறைவு. இந்த நோயோ பார்வை மங்கும்வரை வலிக்காது, உறுத்தாது. “கண்ணு நல்லாத்தான தெரியுது” என்று இருந்துவிட்டு, ரத்தம் கசிந்து கண்ணுக்குள் கறுப்புத் திரை விழுந்த பிறகு மதுரைக்குக் கிளம்புகிறவர்கள் பலர். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஹாம்பர்க் மாடியில் மேகம் விலகக் காத்திருந்த சிகிச்சை அவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்கும் கை ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும்: “இந்த வருசம் கண்ணைப் பார்த்தாச்சா?” வட்டார மருத்துவமனைகளில் விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவும் அதை இயக்கப் பயின்ற ஒருவரும் நிரந்தரமாக இருக்க அரசு வழி செய்ய வேண்டும். வீட்டில் சர்க்கரை உள்ளவர் யாராவது இருந்தால், பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை சொட்டு மருந்து ஊற்றி விழித்திரையைப் பரிசோதிக்க அழைத்துப் போங்கள்.